சோதனை வாசலும் அம்மாவின் ஊக்குகளும்

1

நேற்று காலை மகளிடம் கத்திவிட்டேன். காரணம் ஓர் ஊக்கு.

பள்ளிப் பேருந்து வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அனிதாவின் பாவாடை ஜிப் பிய்ந்துவிட்டது. அவள் என் மேசை இழுப்பறையைத் திறந்து, பழைய ஃபிலிம் ரோல் டப்பா ஒன்றைக் கவிழ்த்து, அதிலிருந்து ஓர் ஊக்கை எடுத்துக் குத்திக்கொண்டு ஓடப் பார்த்தாள். நான் குறுக்கே நின்று, "யாரைக் கேட்டு எடுத்தே? வை அதை" என்று வீடே அதிரும்படி கத்தினேன்.

"இட்ஸ் ஜஸ்ட் அ சேஃப்டி பின், டாட்" என்றாள். மூன்றாம் வகுப்புவரை என்னை அப்பா என்று கூப்பிட்டவள்தான். எந்த நாளில் டாட் ஆனேன் என்று எனக்கே தெரியாது. ஊக்கைப் பிடுங்கி மேசைமேல் எறிந்துவிட்டு, பாவாடையை ஒரு கையால் பிடித்தபடி பஸ் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளைக்கு மாமாவோட நினைவு நாள்னா, அதுக்குப் பிள்ளை மேலயா பாயணும்?" என்று என் மனைவி ஸ்டெல்லா சமையலறையிலிருந்து கேட்டாள். அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். இதைப் படிக்கும் தாம்பரத்துக்காரர்களில் சிலர் என் அப்பாவின் அடக்கத்துக்கு வந்திருப்பீர்கள். மூத்த மகன் ஏன் வரவில்லை என்று கேட்டிருப்பீர்கள். அம்மாவின் கழுத்தைப் பார்த்து வேறொன்றும் பேசியிருப்பீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

2

மகனுக்கு அமெரிக்காவில் என்ன வேலை என்று கேட்டவர்களிடம் அப்பா, "ஏர்போர்ட்ல கணக்குப் போடறான்" என்பார். கேட்டவர்கள் நான் மீனம்பாக்கம் மாதிரி ஓர் இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சில்லறை எண்ணுவதாக நினைத்துக்கொள்வார்கள். அப்பாவும் திருத்த மாட்டார். அவருக்கும் அவ்வளவுதான் தெரியும்.

வேலை இதுதான். விமானம் ஏறப் போகிறவர் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் ஒரு வாசலைத் தாண்ட வேண்டும். வாசல் ஒலித்தால், உடம்பில் இருக்கும் உலோகத்தைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி நடக்க வேண்டும். மறுபடியும் ஒலித்தால் ஆள் வந்து தொட்டுச் சோதிப்பார். வாசலை ரொம்பக் கூர்மையாக வைத்தால் பெல்ட் கொக்கிக்கெல்லாம் ஒலிக்கும், வரிசை தெருவரை நிற்கும். மழுங்க வைத்தால் துப்பாக்கிகூட உள்ளே போய்விடும். எவ்வளவு கூர்மை, எத்தனை வாசல், எந்த நேரத்தில் எத்தனை ஆட்கள் எங்கே நிற்பது என்று கண்டுபிடித்துத் தர வேண்டும். ஆபத்தானவர் தப்பிக்கும் வாய்ப்பு ஓர் எல்லையைத் தாண்டக் கூடாது. அந்த எல்லைக்குள் மற்றவர்கள் காத்திருக்கும் நேரம் எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறைய வேண்டும். கணிதத்தில் இதற்கு உகப்பாக்கம் என்று பெயர். எங்கள் தெருவில் இதை, இருக்கிறதை வைத்துக் குடும்பம் நடத்துவது என்பார்கள்.

இந்தக் கணக்கில் மாற்ற முடியாத நிபந்தனைகள் சில உண்டு. பெண்களைப் பெண்கள்தான் தொட்டுச் சோதிக்கலாம் என்பது அவற்றில் ஒன்று. பெண் சோதனையாளர்களோ கொஞ்சம்தான் கிடைத்தார்கள். மாலை நேரத்தில் பெண்களுக்கு வாசல் அவ்வளவாக ஒலிப்பதில்லை என்று பதிவுகள் காட்டின. அதனால் மாலையில் ஒரு பெண் போதும், இன்னொருவரைக் காலை நெரிசலுக்கு அனுப்பலாம் என்று என் கணக்கு சொன்னது. அனுப்பினார்கள். வரிசைகள் குறைந்தன. முதலாளி என் தோளைத் தட்டினார். அன்று மாலை வீட்டுக்கு ஐஸ்கிரீம் வாங்கிப் போனேன்.

வரிசை எனக்குப் புதிதில்லை. எண்பதுகளில் அப்பா தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் கிளார்க். அங்கே ஆண்கள் வரிசை படிக்கட்டுவரை நிற்கும். பக்கத்தில் லேடீஸ் க்யூ என்று நான்கைந்து பேர் நிற்பார்கள். ஒரு ஆண், ஒரு பெண் என்று மாற்றி மாற்றிக் கொடுப்பார் அப்பா. அதனால் தெருவில் யார் குடும்பத்தோடு மாம்பலம் போனாலும், பீச்சுக்குப் போனாலும், டிக்கெட் வாங்க அம்மாவைத்தான் முன்னால் அனுப்புவார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பா அவளை யாரென்றே தெரியாதது போல நிமிர்ந்து பார்த்து, "எங்கம்மா போகணும்?" என்று கேட்பார். அம்மாவும் முகத்தை மாற்றாமல், "மாம்பலம் நாலு" என்பாள். ஒருமுறை பக்கவாட்டுக் கதவு வழியாகக் கேட்டதற்கு, "க்யூல வா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாளே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

3

அனிதாவுக்கு அடுத்த பிள்ளையின் பிரசவத்துக்காக அம்மா இங்கே வந்திருந்தாள். அப்பா வரவில்லை. விமானம் என்றால் பயம் என்று ஒப்புக்கொள்ளாமல், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்பார். தொண்ணூறுகளின் பாதியில் ஒரு நவம்பர். இங்கே வெள்ளிக்கிழமை மாலை, ஊரில் சனிக்கிழமை காலை. தம்பி டேவிட் போன் செய்தான்.

"அண்ணா, அப்பா போயிட்டார்ணா."

தூக்கத்திலிருந்து எழுந்து காபி கேட்டிருக்கிறார். தம்பி மனைவி கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. ஊரில் நாலு நாளாக மழை. மேற்குத் தாம்பரம் முழுக்கத் தண்ணீர், கரண்ட் இல்லை.

"ஐஸ் பார் கொண்டாரச் சொன்னா, ஆட்டோக்காரன், தண்ணி இடுப்பளவு கீது சார், வண்டி வழில நின்னுச்சுன்னா பேஜாராய்டும்ங்கறான். நானே சைக்கிள்ல வச்சுத் தள்ளிட்டு வந்தேன். திங்கக்கிழமை மத்தியானத்துக்கு மேல தாங்காதுண்ணா. அதுக்குள்ள அம்மாவை அனுப்பிடுங்க. அவங்க முகத்தைப் பார்க்காம பெட்டியை மூட எனக்கு மனசு வராது."

பிறகு குரலை இறக்கினான். "அம்மாகிட்ட சீரியஸ்னு மட்டும் சொல்லுங்க. தனியா இவ்வளவு தூரம் வரணும்."

நம் வழக்கம் அதுதானே. பயணம் போகிறவரிடம் சாவைச் சொல்ல மாட்டோம். சீரியஸ், உடனே கிளம்பு என்போம். வாசலில் பந்தலைப் பார்த்து அவர்களே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவோம்.

நான் ஏன் கூடப் போகவில்லை? என் கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் நின்றது. அந்த நிலையில் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர முன்கூட்டியே ஓர் அனுமதித் தாள் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் குடும்பத்துக்கே சேர்த்து விண்ணப்பம் செத்துப்போகும், வேலையும் வீடும் போகும். குடியேற்ற அலுவலகம் திங்கட்கிழமைதான் திறக்கும். அவசரம் என்று கேட்கலாம், அதற்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும். ஊரில் சான்றிதழ் அடக்கத்துக்குப் பிறகுதான் கிடைக்கும். ஆக, அப்பாவைப் புதைத்துவிட்டேன் என்று நிரூபித்தால் அப்பாவைப் புதைக்கப் போகலாம். வக்கீலிடம் இதைச் சொல்லிக் கத்தினேன். அவர் எனக்காக வருத்தப்பட்டார். எனக்குச் சுவரில் மண்டையை முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

சனிக்கிழமை இரவு விமானத்தில் ஓர் இடம் கிடைத்தது. அதை விட்டால் அடுத்தது திங்கட்கிழமை. அதில் போனால் அம்மா கல்லறையைத்தான் பார்ப்பாள்.

4

சீரியஸ் என்று சொன்னதற்கு அம்மா ஒன்றும் அழவில்லை. பெட்டியை அடுக்கினாள். அப்பாவுக்கென்று வாங்கி வைத்திருந்த எலெக்ட்ரிக் ஷேவரை எடுத்துவந்து, "இதைக் கைப்பையில வச்சுக்கட்டுமா, பெட்டியில போடட்டுமா?" என்று கேட்டாள். பெட்டியில் போடச் சொன்னேன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

காரில் போகும்போது கேட்டாள். "ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களா?"

"ஆமாம்மா."

"பேசறாராமா?"

"கொஞ்சம் கஷ்டமாம்."

அதற்குமேல் கேட்கவில்லை. ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வழியில் ஒரு லாரி கவிழ்ந்து பாதை அடைத்திருந்தது. விமான நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது நேரம் கழுத்தைப் பிடித்துவிட்டது.

பெட்டியைப் போட்டு, போர்டிங் பாஸ் வாங்கி, சோதனை வரிசைக்கு வந்தோம். என்னுடைய வரிசைதான். கயிறு கட்டி வளைத்த அந்தப் பாதையைக் கணினியில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நான் அவளுடைய டிக்கெட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்மாவைக் காணவில்லை. நிமிர்ந்து பார்த்தால், ஆண்கள் எல்லோரையும் தாண்டி, பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நேராக வாசல்வரை போய் நின்றுகொண்டிருக்கிறாள். தாம்பரம் ஸ்டேஷனில் நிற்பது போல அவ்வளவு உரிமையாக நின்றாள். டை கட்டிய ஒருவன் ஏதோ சீறினான். காவலர் அவளைத் தோளைத் தொட்டுத் திருப்பி வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்.

"லேடீஸ் க்யூ எங்கடா? ஒருத்தனும் வழி விட மாட்டேங்கறான்" என்றாள் அம்மா.

"இங்க அது கிடையாதும்மா."

"கிடையாதா? நீதானே இங்க கணக்குப் போடறே?"

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்காமல் அவளோடு வரிசைக் கடைசியில் போய் நின்றேன்.

5

அந்த மாதம் ஏதோ மிரட்டல் வந்ததென்று வாசல்களின் கூர்மையைக் கூட்டியிருந்தார்கள். டிக்கெட் இல்லாதவர் வாசலைத் தாண்டக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். வேலைக்கான என் அடையாள அட்டை வீட்டில் கிடந்தது. அது இருந்திருந்தாலும் சொந்தக்காரரோடு வரும்போது செல்லாது.

அம்மா நடந்தாள். வாசல் ஒலித்தது. வளையல்களைக் கழற்றினாள், சில்லறைப் பர்ஸை எடுத்து வைத்தாள். மறுபடி நடந்தாள். மறுபடியும் ஒலித்தது.

தாலிதான். அவள் அதை ஒரு தடித்த சங்கிலியில் கோத்திருந்தாள். போதாததற்கு அந்தச் சங்கிலியில் எப்போதும் ஊக்குகள் தொங்கும். சிறியது, பெரியது, துருப்பிடித்தது என்று ஒரு கொத்து. எங்கள் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. யாருக்கு எது கிழிந்தாலும் கழுத்திலிருந்து ஒன்று எடுத்துக் கொடுப்பார்கள். ஞாயிறு ஆராதனைக்குப் போகும் வழியில் என் சட்டைப் பொத்தான் தெறித்தால் அம்மா நடந்துகொண்டே குத்திவிடுவாள்.

தொட்டுச் சோதிக்க ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். அவளுக்காக நாற்காலிகளில் ஏழெட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். கை நிறையச் சிவப்பு வளையல் போட்ட ஒரு பஞ்சாபி மணப்பெண், கழுத்தில் பித்தளை மாலைகள் அணிந்த ஓர் ஆப்பிரிக்கப் பாட்டி. மாலையில் வெளிநாட்டு விமானங்கள் கிளம்பும் வாசலில் யார் யார் வருவார்கள் என்று தாம்பரத்தில் பிறந்த எனக்குத் தெரியும். என் சராசரிக்குத் தெரியாது. எல்லா வாசல்களையும் சேர்த்துக் கூட்டி வகுத்த எண் அது.

மேற்பார்வையாளர் மைக் எனக்குத் தெரிந்தவர், நல்ல மனிதர். கயிற்றுக்கு அருகில் வந்து சொன்னார். "உங்கள் அம்மாவா? மன்னியுங்கள். முறை வர அரை மணிக்கு மேல் ஆகும். விமானக் கதவு அதற்குள் மூடிவிடும். அந்தச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொரு முறை நடந்தால் ஒரு நிமிடம்தான்."

அம்மாவிடம் சொன்னேன்.

"தாலியையா?" என்றாள். கை தானாகக் கழுத்துக்குப் போனது. "உன்னைப் பெக்கும்போது நர்ஸம்மா கழட்டச் சொன்னாங்க. அப்பவே கழட்டல. இவன் யாருடா சொல்றதுக்கு?"

நான் மைக்கிடம் கெஞ்சினேன். என் அப்பா என்று ஆரம்பித்து, அம்மா காதில் விழுமே என்று பாதியில் நிறுத்தினேன். அவளுக்கு ஆங்கிலம் ஓரளவு புரியும். ஆகவே ஒரு காரணமும் சொல்ல முடியாமல், ப்ளீஸ், ப்ளீஸ் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவருக்குத் தளர்த்தினால் எல்லோருக்கும் தளர்த்த வேண்டும் என்றார் மைக். சரியான பதில். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"கெஞ்சாதடா," என்றாள் அம்மா. "உங்கப்பாவே எனக்கு க்யூவைத் தாண்டி டிக்கெட் குடுத்ததில்ல."

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றபடி என் சட்டைக் காலரைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. அவர் இருக்கார்னா நான் இதைக் கழட்ட மாட்டேன். இந்த ஃப்ளைட் போனா போகட்டும், அடுத்ததுல போறேன். அவர் இல்லன்னா இப்பவே கழட்டிட்டு ஓடறேன், முகத்தையாவது பார்க்கணும். ரெண்டுல எதுன்னு நீதான் சொல்லணும்."

போன் வந்ததிலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், யாரும் வாயால் சொல்லாதவரை அவர் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டிருக்கிறாள். இரவெல்லாம் அப்படியே பெட்டி அடுக்கியிருக்கிறாள். நான் சொல்கிற ஒரு சொல்லில் அது முடிந்துவிடும். பொய் சொன்னால் அவள் அவரைப் பார்க்கவே மாட்டாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள்.

"கழட்டிடும்மா" என்றேன்.

அவள் தலையை ஒருமுறை ஆட்டினாள். "எப்போ?"

"நம்ம ஊர்ல சனிக்கிழமை காலைல. ஒண்ணும் கஷ்டப்படலையாம்."

"காபி குடிச்சாரா?"

"கேட்டாராம்மா. குடிக்கல."

"சரி" என்றாள்.

சங்கிலியை வெளியே எடுத்தாள். தலை வழியாகக் கழற்றினால் ஊக்குகள் முடியில் மாட்டும். அதனால் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மூடி, என் உள்ளங்கையில் வைத்தாள். ஒன்று திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. பல்லால் கடித்துத் திறந்தாள். அதற்குமேல் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்தேன்.

"வச்சுக்கோ" என்றாள். "அனிதா டிரெஸ்ல ஹூக்கெல்லாம் லூஸா இருக்கு. அவளுக்கு ஆகும்."

பிறகு தாலியைக் கழற்றிப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் போட்டாள். வாசலைத் தாண்டி நடந்தாள். அது ஒலிக்கவில்லை. அந்தப் பக்கம் நின்றவன் நன்றி சொல்லிக் கிண்ணத்தை நீட்டினான். அவள் தாலியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, புடவையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடினாள். அம்மா ஓடி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். இங்கே வரிசை ஓர் அடி முன்னே நகர்ந்தது.

6

விமானத்தைப் பிடித்துவிட்டாள். திங்கட்கிழமை காலை தண்ணீரில் நடந்து வீட்டுக்குப் போய், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். டேவிட் போனில் சொன்னான். "அம்மா உள்ள வந்ததும் எல்லாரும் கழுத்தைத்தான் பார்த்தாங்கண்ணா. நாங்க யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டியிருக்கல." கல்லறையில் வைத்துத் தாலியைக் கழற்றி வாங்கவென்று வந்திருந்த பெண்கள், அமெரிக்கா போனால் இதையெல்லாம் முன்னாடியே கழட்டிடுவாங்களா என்று பேசினார்களாம். அம்மா ஒருவருக்கும் விளக்கம் சொல்லவில்லை. ஆகவே நான் சொல்கிறேன். அதைக் கழற்றச் சொன்னவன் நான்.

அடுத்த வாரம் முதலாளியிடம் போய், மாலையில் இன்னொரு பெண் வேண்டும் என்றேன். பெண் சோதனையாளர் இல்லாததால் விமானத்தைத் தவறவிட்டவர் எத்தனை பேர் என்று கேட்டார். பதிவுகளைப் பார்த்தேன். அந்த மாதத்தில் ஒருவருமில்லை. அம்மா விமானத்தைப் பிடித்தவர்கள் பக்கத்தில்தான் இருந்தாள். கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். மாலையில் ஒரு பெண் போதும் என்றே வந்தது. கணக்கில் பிழையில்லை. இன்றும் அப்படியேதான் ஓடுகிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கிரீன் கார்டு அதற்கடுத்த வருடம் வந்தது. இங்கே வந்து எங்களோடு இருக்கும்படி அம்மாவை ஒவ்வொரு ஞாயிறும் போனில் கூப்பிடுகிறேன். "அந்த வாசல் வழியா இன்னொரு தரம் நான் வரமாட்டேன்டா" என்கிறாள். டேவிட் இருக்கிறான் என்று தெரிந்தும், மேற்குத் தாம்பரத்தில் மழை நாளில் கரண்ட் போனால் அவள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அனிதாவிடம் போனைக் கொடுத்தால் "ஹாய் பாட்டி, பை பாட்டி" என்று திருப்பித் தந்துவிடுகிறாள்.

நேற்று சாயங்காலம் அவள் பள்ளியிலிருந்து வந்தபோது பாவாடையில் ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது. இடுப்பில் கீறி இரத்தம் காய்ந்திருந்தது. என்னைப் பார்க்காமல் மாடி ஏறினாள். பின்னாலேயே போனேன். ஃபிலிம் டப்பாவை அவள் கட்டில்மேல் கொட்டினேன்.

"பாட்டி உனக்குன்னு குடுத்தது. நான்தான் குடுக்கல" என்றேன்.

"எப்போ?" என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள்.